அரியணைக்கு ஓய்வு உண்டா?

2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் எசுப்பானிய மக்கள் ஒரு செய்தி கேட்டனர். அவர்தம் அரசர் யுவான் கார்லோசு இடுப்பெலும்பு முறிந்து மாத்ரிட் நகர மருத்துவமனையில் அறுவை செய்யப்பெற்றுப் படுத்திருக்கின்றார் என்பது அச்செய்தி. அரசர்க்கு அப்போது அகவை 74. முதுமையில் கால் இடறி விழுதல் யார்க்கும் நேர்வதே. அதன்பொருட்டு எவரும் சினந்திரார். அவர் விழுந்த இடமே சினத்தை மூட்டிற்று. ஆப்பிரிக்காக் கண்டத்துப் போட்சுவானா நாட்டிற்கு யானை வேட்டைக்குச் சென்றிருந்த போழ்து ஆங்கு விழுந்தார்.

அன்றைய எசுப்பானியாவின் நிலை என்ன? உழைக்க முன்வந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு வேலை இல்லை. இருபத்தைந்து அகவைக்குட்பட்ட இளையோருள் பாதிப்பேர்க்குமேல் வேலை இல்லை. அரசு மருத்துவத்தையும் கல்வியையும் குறைத்துக்கொண்டிருந்தது. இளைஞர்தம் வேலையின்மை தம் உறக்கத்தையே கெடுக்கின்றது எனச் சிறிது நாள் முன்னர்த்தான் அரசர் கூறியிருந்தார். உறக்கம் கெட்டவர் போட்சுவானாக் காட்டில் துமுக்கி ஏந்தி நின்றார் என அறிந்தபோது மக்கள் என்ன நினைத்திருப்பர் என்பதை நாம் விளக்கவேண்டுவதில்லை. அவர் விழாதிருந்தால் இவ்வேட்டையை நாடு அறிந்தே இராது என்பதும் எண்ணத்தக்கது. இன்னொன்று: ஏப்பிரல் 14 என்பது, 1931ஆம் ஆண்டில் அந்நாட்டில் முடியாட்சி நீங்கிக் குடியரசு அமைந்த நாள். குடியரசை விரும்புவோர் ஆண்டுதோறும் அந்நாளைக் கொண்டாடுவர். அவர்கட்கு அவ்வாண்டு விழாச்சொற்பொழிவு ஆயத்தஞ்செய்யும் வேலை மிச்சமாயிற்று!

யுவான் கார்லோசை மக்கள் தொடக்கத்திலிருந்தே வெறுத்தனர் என எவரும் கருதிவிடற்க. கொடுங்கோலர் பிராங்கோ 1975 நவம்பர் 20ஆம் நாள் மாண்டபின், அவரால் முன்னரே குறிக்கப்பெற்றவராக, இரண்டாம் நாளே முடிசூடினார் இவர். தமக்குக் கிடைத்த முழு ஆட்சியுரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் மக்களாட்சிக்கு வழிவிட்டார். 1978இல் புதிய அரசியலமைப்புச் சட்டம் பிறந்தது. 1981 பிப்பிரவரி 23ஆம் நாள் படையினர் சிலர் நாடாளுமன்றத்துள் துமுக்கிகளுடன் புகுந்து உறுப்பினரைச் சிறைப்படுத்தினர். அன்று நள்ளிரவு கழிந்தபின் படைத்தலைவர் உடையில் தொலைக்காட்சியில் தோன்றிய அரசர், மக்களாட்சியின் பக்கமே தாம் நிற்பதாக அறிவித்தார், புரட்டு முறிந்தது. முடியாட்சியை ஒப்பாதவருங்கூட, ‘யாம் முடியாட்சிக்காரர் அல்லேம், யுவான் கார்லோசுக்காரர்’ என்று சொல்லத் தொடங்கியது அதன்பின்னரே. மக்களின் நன்மதிப்பு என்பது இவ்வாறு ஓரிரவில் கிடைத்தலும் உண்டு.

அம்மதிப்பு எவ்வாறு கரைந்தது என்பதற்குக் கணக்கே உள்ளது. அந்நாட்டு அரசின் கருத்தாய்வு நடுவம், நிறுவனங்கள்பால் மக்கட்குள்ள நம்பிக்கையைப் பத்துக்கு இத்துணை என அளந்து வந்தது. 1990களின் இடையில் முடியாட்சி 7க்கு மேல் பெற்றிருந்தது. 2011 அத்தோபரில் முதன்முறையாக 5க்குக் கீழிறங்கி 4.89 ஆயிற்று. அரச மருமகர் ஒருவர்மேல் எழுந்த ஊழற் குற்றச்சாட்டு அக்காலத்தில் வெளிவந்துகொண்டிருந்தது. வேட்டைக்குப் பின், 2013இல், 3.68. பள்ளியில் நாம் தேர்ச்சிக்கு வைக்கும் முப்பத்தைந்தை நூலிழையில் தாண்டிய மதிப்பெண் அது! 2015ஆம் ஆண்டிற்குப்பின் அந்நடுவம் முடியாட்சி பற்றிய அவ்வினாவைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. காய்ச்சல் ஏறுகின்றது என்று அளவுகோலைப் பெட்டியிற் பூட்டும் மருத்துவரும் உலகில் உளர் போலும்.

மருத்துவமனையினின்று வெளிவந்த அரசர், மிக வருந்துவதாகவும், தாம் தவறிவிட்டதாகவும், இனி அவ்வாறு நிகழாது எனவும் கூறினார். எசுப்பானிய மொழியில் அது பதினொரே சொற்கள். அரசர் ஒருவர் மக்கள்முன் இவ்வாறு பணிந்து நின்றது அங்குப் புதுமை. ஆதலின் பலர் நெகிழ்ந்தனர். ஆயின் எதனைத் தவறு என்றார்? யானையைச் சுடச் சென்றதையா? நாடு வாடியிருக்கையில் சென்றதையா? சொல்லாமற் சென்றதையா? செலவை வேறொரு செல்வர் ஏற்றதாக வந்த செய்தியையா? பதினொரு சொற்களுள் இதற்கு விடை இல்லை. அவரோ உலகக் காட்டுயிர் காப்பு அமைப்பின் எசுப்பானியக் கிளைக்கு மதிப்புறு தலைவராகவும் இருந்தார்! அவ்வமைப்பினர் அவ்வாண்டு சூலைத் திங்களில் கூடி அவரை அப்பொறுப்பினின்று நீக்கினர். நீக்குக என்றோர் 226 பேர். வேண்டா என்றோர் 13 பேர். பிறப்பால் வந்த முடியை மக்கள் எடுக்க இயலவில்லை. மக்கள் கொடுத்த தலைமையை எடுத்துக்கொண்டனர்.

முதிய வேந்தர்க்கு ஓய்வும் பொழுதுபோக்கும் கூடாவா என்று வினவுவார் உளர். கூடும் என்பதே எம் விடை. எம்போலும் பள்ளி ஆசிரியர்க்கும் ஓய்வகவை உண்டு. ஏரோட்டும் உழவனும் உச்சி வெயிலில் மரநிழலிற் சாய்கின்றான். மாந்தர்க்கு உரியது மன்னர்க்கும் உரியதே. ஆயின் உழவன் சாய்வதை ஊர் பார்க்கின்றது. அவன் எத்துணைப் பொழுது சாய்ந்தான் என்பதற்கு விளைச்சல் கணக்குக் காட்டும். எசுப்பானிய அரசியலமைப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவோ, அரசர் தீண்டப்படாதவர், எதற்கும் பொறுப்பாகார் என்று கூறுகின்றது. 65ஆம் பிரிவு, அரசகத்திற்கு நாட்டு வருவாயினின்று தரும் தொகையை அவர் தம் விருப்பம்போற் பகிர்ந்துகொள்ளலாம் என்கின்றது. இறை எனும் ஒரே சொல்லால் அரசனையும் அவன் பெறும் வரியையும் குறித்த மொழி நம்முடையது. வரி வாங்குபவன் முறைசெய்யக் கடப்பட்டவன் என்னும் எண்ணம் அதனுள் உறைகின்றது. வாங்குதலை மட்டும் வைத்துக்கொண்டு கடப்பாட்டைச் சட்டத்தாலேயே கழித்துவிட்டால், அவரது ஓய்வும் வேலையும் எவ்வாறு பிரித்தறியப்படும்?

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சப்பானிற் காண்க. பேரரசர் அகிகித்தோ 1933இற் பிறந்தவர்; 1989இல் அரியணை ஏறினார். அந்நாட்டுச் சட்டப்படி அவர் நாட்டின் அடையாளம் மட்டுமே. ஆளும் உரிமை எள்ளளவும் இல்லை. ஆளுரிமை மக்களுடையது. அவ்வெறும் அடையாளத்துக்கு ஒரு வேலையை அவரே உண்டாக்கினார். 1991இல் ஊன்சென் எரிமலை சீறியபோது, வீடிழந்தோர் தங்கியிருந்த இடத்திற்குச் சென்று தரையில் மண்டியிட்டு அவர்களோடு பேசினார். அவர்தம் தந்தையார் ஒரு காலத்தில் கடவுளாக வணங்கப்பெற்றவர் என்பதை நினைந்தால் அம்மண்டியிடலின் பொருள் விளங்கும். பழைமையர் சிலர் முகஞ்சுளித்தனர். அவர் நிறுத்தவில்லை. 1995இல் கோபே நிலநடுக்கத்தின்போதும், 2011இல் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை விழுங்கியபோதும் அவ்வாறே சென்றார். 2011இல் அவர்க்கு அகவை 77. புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட உடம்பு. மறு ஆண்டு நெஞ்சாங்குலையிலும் அறுவை.

2016 ஆகத்து 8ஆம் நாள் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். தமக்கு முதுமை வந்துவிட்டது, இதுகாறும் செய்தவாறு முழு உள்ளத்தோடு கடமையாற்றல் அரிதாகும் என அஞ்சுவதாகக் கூறினார். விலக விரும்புகின்றேன் என்று வெளிப்படச் சொல்லவில்லை. சொன்னால் சட்டத்தை மாற்றுமாறு ஏவியதாகும், அஃதோ அரசியல். தம் வாழ்வின் முடிவைப் பற்றிக்கூடத் தெளிவாகப் பேசும் உரிமை இல்லாத ஒருவரைப் பேரரசர் என்று அழைப்பதில் ஒரு நகைப்பும் ஓர் இரக்கமும் உள. வேலையைக் குறைத்துக்கொண்டு பெயரளவில் இருத்தலையும் அவர் ஏற்கவில்லை. செய்ய இயலாத வேலையின் பெயரை மட்டும் சுமப்பது முறையன்று என்பது அவர் எண்ணம்.

மக்கள் என்ன சொன்னார்கள்? செய்தித்தாள்கள் எடுத்த கணிப்புகளில் பத்தில் எண்மருக்கு மேற்பட்டோர் அவர் ஓய்வு பெறட்டும் என்றனர். எதிர்த்தவர் யார் எனின், பேரரசரைத் தெய்வநிலையில் வைத்துப் பேசுவோரே. அவர் இருந்தாற் போதும், உள்ளிருந்து வழிபாடு ஆற்றினாற் போதும், வெளியே சென்று உழைக்கவும் வேண்டா, விலகவும் வேண்டா என்றனர். போற்றுவார் கையில் அகப்பட்டவன் நிலை பகைவர் கையில் அகப்பட்டவன் நிலையினும் இரங்கத்தக்கது. இறுதியில் 2017 சூனில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. 2019 ஏப்பிரல் 30ஆம் நாள் தம் 85ஆம் அகவையில் அவர் விலகினார். 1817இல் கோகாக்குப் பேரரசர் விலகியதன்பின் இரு நூற்றாண்டு கழிந்து நடந்த முதல் விலகல் இது. ஆயினும் அச்சட்டம் அவர் ஒருவர்க்கே உரியது. அவர் மகனார் நருகித்தோவும் முதுமையில் களைத்தால், மீண்டும் தொலைக்காட்சிமுன் அமர்ந்து சுற்றி வளைத்துப் பேசவேண்டியிருக்கும்.

அவர்க்கும் பொழுதுபோக்கு இருந்தது. உளுவை மீன்களை ஆராய்வது அது. நம் ஆறு குளங்களிலும் கிடக்கும் உளுவையின் குடும்பந்தான். இளமைமுதல் மீனியல் ஆய்விதழ்களில் கட்டுரை எழுதி வந்தார். ஓய்வுக்குப் பின்னர் 2021இல் இரண்டு புதிய உளுவை இனங்களைக் கண்டு எழுதிய கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. அவர் எத்துணை மணிநேரம் மீன் பார்த்தார் என்று சப்பானியர் எவரும் கணக்குக் கேட்டதாக யாம் அறியோம். மறைக்க ஒன்றும் இல்லாத ஓய்வை யாரும் துருவுவதில்லை.

ஆங்கிலரைப் பற்றியும் சில சொல்லவேண்டும்; நம்மை ஆண்டவர் ஆயிற்றே. விக்டோரியா அரசி 1861இல் கணவரை இழந்தபின் பல்லாண்டுகள் மக்கள்முன் வரவில்லை. 1864இல் பக்கிங்காம் அரண்மனை வேலியில், குடியிருந்தவரின் தொழில் நொடித்தமையால் இவ்விடம் வாடகைக்கு விடப்படும் என்னும் கருத்தில் எவரோ தாள் ஒட்டினர். 1870ஐ ஒட்டிக் குடியரசுக் கழகங்கள் ஊர்தோறும் தோன்றின. அவர் கொள்ளுப் பெயரனின் மகளார் எலிசபெத்து அப்பாடத்தை நன்கு கற்றவர் போலும். தம் 21ஆம் பிறந்தநாளில், வாழ்நாள் நெடிதாயினும் குறிதாயினும் பணிக்கே என்று வானொலியில் உறுதி கூறியவர், 2022 செத்தம்பர் 6ஆம் நாள் புதிய தலைமையமைச்சரை அமர்த்திவிட்டு 8ஆம் நாள் 96 அகவையில் மறைந்தார். அன்று நம் செய்தித்தாள்கள் ‘மகாராணி’ என்றும் ‘ராணி’ என்றும் பத்தி பத்தியாக நிரப்பின. அரசி என்னும் மூன்றெழுத்துச் சொல் அவர்தம் அச்சகத்தில் அன்று கிடைக்கவில்லை போலும்! அதுகிடக்க. அவர் மகனார் சார்லசு 73ஆம் அகவையில் அரசரானார். 2024 பிப்பிரவரியில் அவர்க்குப் புற்றுநோய் என அரண்மனையே அறிவித்தது. ஏப்பிரல் இறுதியில் மக்கள்முன் வந்தார். நோயை வெளிப்படச் சொன்னமையால் அவர்க்கு மக்கள் பரிவு கிட்டிற்று. அரண்மனைகளின் பழைய வழக்கம் மறைத்தலே. நெதர்லாந்திலோ 1948, 1980, 2013 என அடுத்தடுத்து மூன்று அரசியர் தாமே விலகினர். தென்மார்க்கு அரசி மார்கிரேட்டு 2024 சனவரி 14இல் விலகினார். வானம் இடிந்து விழவில்லை.

பிறப்பொன்றே தகுதியாக ஒருவர் நாட்டின் தலைமேல் அமர்வதை யாம் ஒப்புகிலேம். அதனை இவ்விதழ் பலகால் எழுதியுள்ளது. ஆயினும் அம்முறை இருக்கும் நாடுகளில், மக்கள் முதியவரின் ஓய்வைப் பொறாதவர் என்று சொல்வது பழி. மேற்காட்டிய செய்திகளைக் கூர்ந்து நோக்கின் மக்களே பெரிதும் நயன்மை உடையோராகத் தெரிகின்றனர். களைத்தவரைப் போகவிடுக என்று முதலிற் சொன்னவர் சப்பானியப் பொதுமக்கள். அரசவைப் புலவர் அல்லர். எசுப்பானியர் பொறாதது வேட்டையாடியவரின் ஓய்வை அன்று. தம் துயரின்மேல் ஏறி நின்ற ஓய்வை. கேட்டால் சொல்லவேண்டாத ஓய்வை.

யுவான் கார்லோசு 2014 சூன் 2ஆம் நாள் விலகலை அறிவித்தார். 19ஆம் நாள் மகனார் பெலிப்பே அரசரானார். விலகியபின் கதை முடியவில்லை. வெளிநாட்டு வைப்புகள்பற்றிச் சுவிட்சர்லாந்திலும் எசுப்பானியாவிலும் ஆராய்ந்தனர். 2020 மார்ச்சில் மகனே தந்தையின் செல்வத்தில் தமக்கு வரக்கூடிய பங்கு வேண்டா என்று அறிவித்துத் தந்தைக்குத் தந்த ஆண்டுத் தொகையையும் நிறுத்தினார். அவ்வாண்டு ஆகத்தில் யுவான் கார்லோசு நாட்டைவிட்டு அபுதாபி சென்றார். செலுத்தாதிருந்த வரிக்கென 2020 திசம்பரில் 6,78,393 யூரோவும், 2021 பிப்பிரவரியில் ஏறத்தாழ 44 இலக்கம் யூரோவும் கட்டினார். ஆராய்ச்சிகள் வழக்காக மாறாமல் 2021 திசம்பரிலும் 2022 மார்ச்சிலும் மூடப்பெற்றன. அரசராயிருந்த காலத்துக்கு அவர் பொறுப்பாகார் என்ற அந்த 56ஆம் பிரிவும் அதற்கு ஒரு கரணியம்.

ஏறத்தாழ ஈராண்டின்பின், 2022 மே திங்களில், 84 அகவையில் அவர் முதன்முறையாகத் தாய்நாடு திரும்பினார். வந்தது கலீசியக் கரையிலுள்ள சான்சென்சோ என்னும் ஊருக்குப் பாய்மரப் படகுப் போட்டி காண. மகனைப் பார்த்தது அதன்பின். நடந்தவற்றிற்கு மக்கட்கு விளக்கம் தருவாரா என்று ஆங்குச் செய்தியாளர் கேட்டனர். விளக்கமா, எதற்கு என்று திருப்பிக் கேட்டார் முதியவர். மறு ஆண்டு ஏப்பிரலில் மீண்டும் வந்தார், அதே ஊருக்கு, படகோட்ட.