தறியில் நடுங்கும் கை



ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாளைக் கும்பிடப் படவேடு போயிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு தறிவீட்டில் உட்கார்ந்தேன். நாற்பது ஆண்டுகளாக ஆரணிப் பட்டு நெய்கிற பெரியவர், அறுந்த பாவு இழையை முடியப் பார்க்கிறார். வலக்கைப் பெருவிரல் சும்மா இருக்கும்போதும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கிறது. "வயசாச்சுங்கய்யா, அவ்ளோதான்" என்றார். மருமகள் உள்ளேயிருந்து மஞ்சள் மாத்திரை டப்பாவும் வல்லாரைப் பொடியும் எடுத்துவந்து காட்டினார். "மூளை செல்லைக் காப்பாத்தும்னு போன்ல பார்த்தோம்."

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு எரிகிற இடத்தில் செல்லை அரிக்கும் கழிவும் சேரும். ஆய்வகத் தட்டில் மஞ்சளிலுள்ள குர்குமினும் வல்லாரைச் சத்தும் அந்த அரிப்பைத் தணிக்கின்றன. சாப்பிட்டால் கதை வேறு: குர்குமினில் பெரும்பகுதி குடலும் ஈரலும் தாண்டுவதில்லை. இப்படிக் கையை நடுங்கவைக்கும் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், உள்ள 800 பேரிடம், அதே அரிப்பைத் தணிக்கும் என்று நம்பப்பட்ட வைட்டமின் ஈ அமெரிக்காவிலும் கனடாவிலும் சோதிக்கப்பட்டது. 1993இல் வந்த முடிவு, நோய் அதனால் தாமதப்படவில்லை என்பதே.

ஆனால் இதே நோய்க்குச் செடி உண்மையாகவே வழி காட்டியிருக்கிறது, அதுவும் நம் ஊரில். சுனை பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அந்தப் பூனைக்காலியின் விதையிலிருந்து 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1967இல், அமெரிக்க மருத்துவர் கோட்சியாஸ் லெவோடோபா அடங்கிய டோபாவை மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்தபோது, விறைத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இன்றும் நடுக்குவாதத்துக்கு முதன்மையான மருந்து லெவோடோபாதான். அது செல் அழிவதைத் தடுப்பதில்லை. மூளையில் குறைந்துபோன டோபமின் என்ற வேதிப்பொருளை ஈடுகட்டுகிறது. அதற்காக விதையை வீட்டில் இடித்துக் குடிக்காதீர்கள். விதைக்கு விதை அளவு மாறும். வாந்தியும் மயக்கமும் வரலாம்.

கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவது, நடக்கையில் ஒரு கை வீசாமல் நிற்பது, வாசனை தெரியாமல் போவது: உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த நோயின் அறிகுறிகளான இவற்றைக் கவனியுங்கள். வயது என்று தள்ளிவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

"அப்போ வல்லாரைத் துவையல் வேணாமாங்க?" என்று கேட்டார் மருமகள். தாராளமாக அரையுங்கள், அம்மா, ருசியாக இருக்கும். டப்பாவுக்குப் போகிற பணத்தை மட்டும், மருத்துவரிடம் போக, வேலூர் பஸ்ஸுக்கு எடுத்துவையுங்கள் என்றேன்.

அன்புடன்,
ஆசிரியர்