கண்ணில்லாத குட்டிகள்
மத்திய கால்நடைத் துறையிலிருந்து பன்றி வளர்ப்பைப் பற்றி எது வந்தாலும் உயர் இனம், மானியம் என்றே பேச்சு; சினைப் பன்றியின் தீனித் தொட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 1930களில் டெக்சாஸில் ஃபிரெட் ஹேல் என்ற ஆராய்ச்சியாளர் வைட்டமின் ஏ இல்லாத தீனியைக் கொடுத்து வளர்த்த பன்றி 11 குட்டி ஈன்றது. ஒன்றுக்கும் கண்விழியே இல்லை. பிறவிக் குறை என்றாலே பரம்பரைதான் என்று சாதித்தவர்கள் வாயை அந்தக் குட்டிகள் அடைத்தன. இங்கே தில்லியின் ஓரங்களில் நாலைந்து பன்றி வைத்திருப்பவருக்கு ஓட்டல் எச்சில்தான் தீவனம். சோறும் ரொட்டியும் வயிற்றை நிரப்பும், வைட்டமினுக்கு எங்கே போவது? கடையில் விற்கும் வைட்டமின் கலவை பண்ணை முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் குளிர்காலத்தில் ஆசாத்பூர் மண்டியில் காலிஃப்ளவரைச் செதுக்கிக் கழித்த இலை மலையாகக் குவிகிறது. அந்தப் பச்சையில் இருக்கும் பீட்டா கரோட்டினைப் பன்றியின் உடம்பே வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். மானியத்துக்கு மனு எழுதச் சொல்லித்தருகிற அதிகாரிகள் இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.