கோடு மாறவே இல்லை... ஆப் ஏன் படுத்துச்சு? செட்டிங்ஸை ஃபைலில் எழுதச் சொல்வது இதனால்தான்!

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்துச்சே!" ஐ.டி. வேலையில் இருக்கும் யாரும் கேட்காத வசனம் இல்லை இது. தேடிப் பார்த்தால் கோடில் ஒரு வரிகூட மாறியிருக்காது. மாறியது செட்டிங்ஸ்.

சர்வர்லெஸ் என்றால் சர்வரே இல்லை என்று அர்த்தமில்லை. சர்வர் இருக்கு, அதைப் பராமரிக்கும் தலைவலி கிளவுட் நிறுவனத்துக்கு. அமேசான் 2014-ல் லாம்ப்டாவையும், மைக்ரோசாஃப்ட் 2016-ல் அஷ்யூர் ஃபங்ஷன்ஸையும் கொண்டுவந்தன. சர்வர் கையை விட்டுப் போன பிறகு டெவலப்பரிடம் மிஞ்சுவது கோடும் செட்டிங்ஸும்தான். எந்த டேட்டாபேஸோடு பேசணும், எவ்வளவு மெமரி வேணும், எத்தனை நொடி காத்திருக்கணும் எல்லாம் அதில்தான் இருக்கு. லாம்ப்டாவில் நீங்க எதுவும் சொல்லாவிட்டால் டைம்அவுட் வெறும் 3 நொடி. பேமென்ட் கேட்வே பதில் சொல்ல 4 நொடி எடுத்தால் கதை முடிஞ்சது.

இந்த செட்டிங்ஸை மாற்ற இரண்டு வழி உண்டு. போர்ட்டலில் லாக்இன் செய்து கிளிக் பண்ணலாம். அல்லது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எழுதி, கோடு மாதிரியே கிட்டில் வைத்து, அங்கிருந்து டெப்ளாய் பண்ணலாம். இரண்டாவதுக்குப் பெயர் 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் கோட்'. டெர்ராஃபார்ம், கிளவுட்ஃபார்மேஷன், பைசெப் எல்லாம் இதற்கான கருவிகள்.

சிக்கல், இரண்டையும் கலக்கும்போது வருது. ராத்திரி 11 மணிக்கு ஏதோ உடையுது. அவசரத்துக்கு ஒருவர் அஷ்யூர் போர்ட்டலில் புது செட்டிங் ஒன்றைச் சேர்க்கிறார். ஆப் ஓடுது, எல்லோரும் தூங்கப் போகிறார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொருவர் பைசெப் ஃபைலை டெப்ளாய் பண்ணுகிறார். அதில் அந்த செட்டிங் இல்லை. ஃபைலில் இருக்கும் ஆப் செட்டிங்ஸ்தான் முழு லிஸ்ட் என்று அஷ்யூர் எடுத்துக்கொள்ளும். மளிகைச் சீட்டில் எழுதாமல் வாயால் சொன்ன சாமானை வண்டியிலிருந்து இறக்கிவிடுவது மாதிரி, அதைத் தூக்கிவிடும். 'இன்கிரிமென்டல்' மோடில்தானே டெப்ளாய் பண்ணினோம் என்று பலர் குழம்புவது இங்கேதான். அந்த மோட், ஃபைலில் இல்லாத ரிசோர்ஸை அழிக்காது, அவ்வளவுதான். ஃபைலில் இருக்கும் ரிசோர்ஸுக்குள் விட்டுப்போன செட்டிங்கை அது காப்பாற்றாது. லாம்ப்டாவிலும் என்விரான்மென்ட் வேரியபிள்களை அப்டேட் பண்ணினால், புது லிஸ்ட் பழைய லிஸ்டை மொத்தமா மாற்றிவிடும்.

'சின்ன டீம்தானே, எதுக்கு இதெல்லாம்?' என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சின்ன டீமில்தான் செட்டிங்ஸ் ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கும். அவர் வேலையை விட்டால் அதுவும் கூடவே போகும். புரொடக்‌ஷனில் போர்ட்டல் வழியாக மாற்றும் அனுமதியைப் பெரும்பாலானோரிடமிருந்து எடுத்துவிடுவதே நல்லது. அவசரத்துக்குக் கைவைத்தே ஆகணும் என்றால், மறுநாள் காலையிலேயே அது ஃபைலுக்குள் வந்துடணும்.

ஆனால், எல்லாவற்றையும் ஃபைலில் எழுதுகிறேன் என்று பாஸ்வேர்டையும் எழுதிவிடாதீங்க. அது கீ வால்ட் மாதிரியான இடத்தில் இருக்கட்டும். ஃபைலில் அதன் முகவரி மட்டும் போதும். டெர்ராஃபார்மில் 'சென்சிட்டிவ்' என்று குறித்தாலும் அது திரையில்தான் மறையும், ஸ்டேட் ஃபைலில் வழக்கமாக அப்படியே கிடக்கும். அந்த ஸ்டேட் ஃபைலை யார் யார் திறக்க முடியும் என்று இன்றைக்கே பார்த்துடுங்க. டெப்ளாய்க்கு முன் 'ப்ளான்' கட்டளையை ஓட்டி, மைனஸ் குறி போட்ட வரிகளையும் படிச்சிடுங்க. போர்ட்டலில் கையால் சேர்த்தது அழியப் போகிறது என்றால் அங்கேதான் தெரியும்.