உங்க எஃப்.டி.பி எவ்வளவு? சைக்கிள் வீரர்களின் 'வாட்ஸ்' கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்?

புத்தூரிலிருந்து கரூர் சாலையைப் பிடித்து, முக்கொம்பு வரை சைக்கிள் மிதித்துவிட்டுத் திரும்புகிறவரிடம் முன்பெல்லாம் ஒரே கேள்விதான்: "எவ்வளவு நேரத்துல?" இப்போது ரேஸ் கனவுள்ள அமெச்சூர் வீரர்களிடம் கேள்வி மாறிவிட்டது: "எஃப்.டி.பி எவ்வளவு? கிலோவுக்கு எத்தனை வாட்ஸ்?"

இந்த எண்ணை வைத்துத்தான் பயிற்சி அட்டவணை போடுகிறார்கள். ஆன்லைன் ரேஸில் எந்தப் பிரிவில் ஓட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்துக் கருவி வாங்குகிறார்கள். சிலர் இதற்காகச் சாப்பாட்டையே குறைக்கிறார்கள். அப்படிப்பட்ட எண் சரியானதா? இருவரின் எண்ணை அப்படியே ஒப்பிடலாமா?

வேகம் இருக்கும்போது வாட்ஸ் எதற்கு?

காரணம், காற்று. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது திருச்சிக்காரர்களுக்கு வெறும் பழமொழி அல்ல. அந்த மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வீசும். முக்கொம்பு போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று.

ஒரு தோராயக் கணக்கு பார்க்கலாம். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ள ஒருவர், காற்றில்லாத சமதளத்தில் 30 கி.மீ வேகத்தில் செல்ல சுமார் 150 வாட்ஸ் போதும். அதே வேகத்தை 15 கி.மீ எதிர்க்காற்றில் தக்கவைக்க 290 வாட்ஸுக்கு மேல் வேண்டும். பின்காற்று என்றால் சுமார் 60 வாட்ஸ். வேகம் ஒன்றுதான், உழைப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வித்தியாசம்!

ஸ்ட்ராவா போன்ற செயலிகள் பவர் மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வாட்ஸ் எண்ணைக் காட்டும். அது வேகம், எடை, ஏற்ற இறக்கத்தை வைத்துப் போடும் மதிப்பீடு. காற்றையும், அடுத்தவர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டியதையும் அது கணக்கில் எடுக்காது. அதை வைத்துச் சவால் விட வேண்டாம்.

பவர் மீட்டர் எப்படி வேலை செய்கிறது?

மிதிக்கும்போது கிராங்க், பெடல் போன்ற பாகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவை ஒரு சென்சார் அளந்து, எவ்வளவு விசை என்று சொல்லும். அதை மிதிக்கும் வேகத்தோடு பெருக்கினால் வாட்ஸ். ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர் 1986-ல் உருவாக்கிய எஸ்.ஆர்.எம் கருவிதான் இந்தத் துறைக்கு முன்னோடி.

எஃப்.டி.பி என்பது, தோராயமாக ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச சராசரி வாட்ஸ். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதிக்க யாருக்கும் ஆசை இருக்காது என்பதால் குறுக்குவழிகள் வந்தன. 20 நிமிடம் முழு முயற்சியில் ஓட்டி, அந்தச் சராசரியில் 95% எடுப்பது ஒரு முறை. 250 வாட்ஸ் வந்தால் எஃப்.டி.பி சுமார் 237. இன்னொன்று 'ரேம்ப் டெஸ்ட்'. நிமிடத்துக்கு நிமிடம் சுமையை ஏற்றிக்கொண்டே போய், முடியாமல் நிறுத்தும்போது கடைசி ஒரு நிமிடத்தின் சிறந்த சராசரியில் 75% எடுப்பார்கள்.

சிக்கல் இங்கேதான். குறுகிய நேர வெடிப்பு சக்தி உள்ளவருக்கு ரேம்ப் டெஸ்டில் எண் கூடுதலாக வரலாம். நிதானமாக நீண்ட நேரம் ஓட்டுபவருக்குக் குறையலாம். ஒருவர் ரேம்ப், இன்னொருவர் 20 நிமிடம் என்றால் அந்த ஒப்பீடே செல்லாது.

80 கிலோவா, 58 கிலோவா... யார் ஜெயிப்பார்?

ஒருவர் 80 கிலோ, எஃப்.டி.பி 260 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் 58 கிலோ, 215 வாட்ஸ். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முதலாமவர் 3.25, இரண்டாமவர் 3.7.

முக்கொம்பு சாலை போன்ற சமதளத்தில் எடை பெரிய விஷயமில்லை. காற்றைக் கிழிக்க மொத்த வாட்ஸ்தான் வேண்டும். அங்கே 80 கிலோக்காரர் கை ஓங்கும். அதே இருவரும் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஏறினால் கதை தலைகீழ். காவிரிக் கரையில் மட்டுமே பயிற்சி எடுப்பவர் 'வாட்ஸ் பெர் கிலோ'வை மட்டும் பார்த்து மனம் உடையத் தேவையில்லை.

உச்சத்தில் இருப்பவர்களின் எண் என்ன? டூர் டி பிரான்ஸ் சாம்பியன் கிறிஸ் ஃப்ரூம், தன் மீதான சந்தேகங்களுக்குப் பதிலாக 2015-ல் ஆய்வகத்தில் சோதனை செய்து முடிவை வெளியிட்டார். 69.9 கிலோ எடையில் 419 வாட்ஸ், அதாவது கிலோவுக்கு கிட்டத்தட்ட 6. வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது 5.5 என்று சொன்னால், எந்தக் கருவி, எந்தத் தராசு என்று கேட்பதில் தப்பில்லை.

ஏமாற்ற முடியுமா?

முடியும். 240 வாட்ஸ் உள்ள 75 கிலோக்காரருக்கு கிலோவுக்கு 3.2. செயலியில் 68 கிலோ என்று பதிந்தால் போதும், ஒரு சொட்டு வியர்வை சிந்தாமல் 3.5! ஆன்லைன் ரேஸில் இதற்கு 'எடை மோசடி' என்றே பெயர். வேண்டுமென்றே பலத்தைக் குறைத்துக் காட்டி, கீழ்ப் பிரிவில் புகுந்து ஜெயிப்பவர்களும் உண்டு.

இது விளையாட்டுத்தனம் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம்: 2019-ல் பிரிட்டனின் முதல் இ-ரேஸிங் சாம்பியனான கேமரன் ஜெஃபர்ஸின் பட்டம் அதே ஆண்டு அக்டோபரில் பறிக்கப்பட்டது. ஸ்விஃப்ட் தளத்தில் வேகமான மெய்நிகர் சைக்கிளைப் பெறுவதற்காக, போட்டிக்கு முன்பே ஒரு மென்பொருளை வைத்து ஓட்டியதுபோல் காட்டியிருந்தார். 6 மாதத் தடை, 250 பவுண்டு அபராதம். இப்போது பெரிய போட்டிகளில் வீடியோ முன் எடை பார்ப்பது, இரண்டு தனித்தனிக் கருவிகளில் பதிவு செய்வது போன்ற விதிகள் வந்துவிட்டன.

பொய் சொல்லாமலே எண் மாறுமா?

தாராளமாக. பல நிறுவனங்கள் தங்கள் கருவியின் துல்லியம் கூடவோ குறையவோ 1 முதல் 2% என்கின்றன. 250 வாட்ஸில் 2% என்றால் 5 வாட்ஸ். ஒருவருக்கு 5 கூட, இன்னொருவருக்கு 5 குறைய என்றால் 10 வாட்ஸ் இடைவெளி. சில வாரப் பயிற்சியின் மொத்தப் பலனே அவ்வளவுதான் இருக்கும். ஒரு காலை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் மலிவான மாடல்களில், இரு கால்களின் பலமும் ஒன்றாக இல்லாவிட்டால் பிழை இன்னும் கூடும்.

அடுத்தது வெயில். உடம்பு எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால்பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி சூடு. 200 வாட்ஸில் மிதிப்பவர் 600 வாட்ஸுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும், கிட்டத்தட்ட ஓர் அயர்ன் பாக்ஸ் மாதிரி. மே மாதத்தில் மூடிய அறையில், ஃபேன் இல்லாமல் டிரெய்னரில் டெஸ்ட் எடுத்தால் எண் குறையத்தான் செய்யும். அது உங்கள் பலம் குறைந்ததற்கு அடையாளம் அல்ல.

அப்போ என்னதான் செய்வது?

* ஒரே கருவி, ஒரே டெஸ்ட் முறை, ஒரே நேரம். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை போதும்.
* ஒவ்வொரு முறையும் ஓட்டும் முன் கருவியை 'ஜீரோ' செய்யுங்கள். வெப்பநிலை மாறினால் அளவும் நகரும்.
* அன்று காலை எடை பார்த்து, அதையே பதியுங்கள்.
* பேருந்தும் லாரியும் ஓடும் கரூர் சாலையில் முழு முயற்சி டெஸ்ட் வேண்டாம். கண் இருட்டும் அளவுக்கு மிதிக்கும்போது சாலையைக் கவனிக்க முடியாது. டிரெய்னரே பாதுகாப்பு.
* இதய நோய், மயக்கம், நெஞ்சுவலி இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டெஸ்டில் இறங்கக் கூடாது.

இன்னொன்று முக்கியம். கிலோவுக்கான வாட்ஸை உயர்த்த பட்டினி கிடப்பது ஆபத்து. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் ஹார்மோன், எலும்பு, நோய் எதிர்ப்பு சக்தி எல்லாமே பாதிக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்குத் தனிப் பெயர் வைத்து எச்சரித்தது. கடைசியில் எடையோடு வாட்ஸும் சேர்ந்தே இறங்கும்.

பக்கத்து வீட்டுக்காரரின் 3.7-ஐ விட, மூன்று மாதத்துக்கு முன் அதே கருவியில் நீங்கள் எடுத்த 2.9 என்ன ஆனது என்பதுதான் உருப்படியான கேள்வி. இருவரில் யார் வேகம் என்று தெரிந்தே ஆக வேண்டுமா? ஒரே நாளில், ஒரே சாலையில், ஒரே நேரத்தில் கிளம்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.