கூடத்து மான் தலையும் கைக்குழந்தையும்

மதுரைக்குப் பக்கத்தில் எங்கள் மாமனார் வீட்டுக் கூடத்தில், பாடம் செய்த மான் தலை ஒன்று மாட்டியிருக்கிறது. மாமனாரின் தகப்பனார் காலத்தது. வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதை இறக்கி, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, வெயிலில் காய வைப்பது என் வேலை.

சென்ற பொங்கலுக்கு மகள் எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். தரையில் இறக்கி வைத்த மானிடம் தவழ்ந்து போன பேரன், அதன் காதைப் பிடித்து வாயில் வைக்கப் போனான். "மானுக்கு முத்தமாடா கண்ணா!" என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டு விலங்கியல் டீச்சர்தான் ஓடி வந்து தூக்கினார். "அக்கா, பழைய தோலில் பாஷாணம் இருக்கும்!" என்றார். எனக்குக் கை காலெல்லாம் உதறிவிட்டது.

ஆர்சனிக் என்கிறோமே, அந்தப் பாஷாணம்தான். பூச்சி அரிக்காமலிருக்க அதைச் சோப்பில் கலந்து தோலின் உட்புறம் பூசும் முறை, 18-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் தொடங்கி உலகமெங்கும் பரவியது. எத்தனை வருஷமானாலும் அதன் விஷம் போகாது. உதிரும் தூசியோடு வெளியே வரும். பார்வைக்குத் தெரியாது என்பதால், பழைய உருப்படி எதிலும் அது இருப்பதாகவே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது நான் செய்வது இதுதான்:

* குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, மூக்கு வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை போட்டுக்கொள்கிறேன். மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன்.

* கீழே செய்தித்தாள் விரித்து, மிருதுவான பிரஷ்ஷால் ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே மெள்ளத் தூசி தட்டுகிறேன். தாளைச் சுருட்டிப் பையில் கட்டி எறிந்துவிடுகிறேன். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறேன்.

* தோலில் தண்ணீர் கூடவே கூடாது. ஈரம் பட்டால் தோல் சுருங்கி வெடிக்கும், பூஞ்சணம் பூக்கும். கண்ணாடிக் கண்ணுக்கு மட்டும் நனைத்துப் பிழிந்த பஞ்சு போதும். கொம்புக்கு உலர்ந்த துணி.

* வெயிலும் அடுப்புப் புகையும் ஆகாது. வெயிலில் நிறம் வெளுக்கும். வெளிச்சுவரில் மழை ஓதம் இறங்கும், உள்சுவரே நல்லது.

* கீழே மாவு போல் உதிர்ந்தாலோ, ரோமம் கொத்தாகக் கழன்றாலோ பூச்சி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காக அந்துருண்டை வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதன் நெடியே ரத்த அணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும்.

* வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தப் புடவையைக் குழந்தைத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள்.

இன்னொன்று, சட்டம். 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படிப்பட்டவற்றுக்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும்; விற்கக் கூடாது. வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சான்றிதழ் உள்ளவர்கள் வேண்டாமென்றால் அவரிடமே ஒப்படைத்துவிடலாம். 2022 திருத்தம் அதற்கு வழி செய்திருக்கிறது, ஆனால் பணம் கிடைக்காது. பெட்டியில் தாத்தா காலத்துக் காகிதம் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். நாங்கள் தேடியதில், மாமியாரின் பழைய டிரங்குப் பெட்டி அடியில் சான்றிதழ் அகப்பட்டது.

எங்கள் மான் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள், எட்டாத உயரத்தில் இருக்கிறது. பேரன் வந்தால் தூக்கிக் காட்டுகிறேன். அவனும் தூரத்திலிருந்தே முத்தம் பறக்கவிடுகிறான்!