ஏழையின் வக்கீலுக்குப் பள்ளிக்கூடம் எங்கே?

கீழ்புத்துப்பட்டிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே கொஞ்ச தூரம் போனால் காலாப்பட்டு. அங்கே டாக்டர் அம்பேத்கர் பெயரில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். ஊருக்குள்ளேயே இலங்கைத் தமிழர் முகாம். சட்டம் கற்பிக்கும் இடம் ஒரு பக்கம். சட்டம் இல்லாமல் ஒரு நாளும் ஓட்ட முடியாத ஜனங்கள் மறுபக்கம். நடுவே உள்ள தூரம் சில மைல்தான். ஆனால் கல்லூரியில் படித்த சட்டம் இந்த ஜனங்களிடம் வந்து சேருவதற்குள் அது பழைய சட்டமாகிவிடுகிறது!

இது வெறும் பேச்சல்ல. நாம் கண்ணால் கண்டதைச் சொல்கிறோம்.

2025-ம் வருஷத் தொடக்கத்தில் உப்பு வாரும் சகோதரி ஒருவர் நம்மிடம் வந்தார். சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை அவருக்குக் கொடுக்கவில்லை. ஒரு பருவம் முழுவதும் நாளுக்கு நாள் குறைத்தே கொடுத்திருக்கிறார்கள். உப்புநீரில் வெந்து வெடித்த பாதங்களைக் காட்டி, "அண்ணே, இந்தக் காலுக்குச் சேர வேண்டிய காசுதானே கேக்கறேன்?" என்றார். நாம் அவரை வக்கீல் ஒருவரிடம் அழைத்துப் போனோம். நல்ல மனிதர். ஏழைகளிடம் பீஸ் கேட்காதவர். அவர் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆறு மாதம் தாண்டிவிட்டது. இனி மனுப் போட முடியாது." நாமும் தலையாட்டிவிட்டுத் திரும்பினோம். அந்தச் சகோதரி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடியுமுன் கூடையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார்.

பிறகுதான் தெரிந்தது, வக்கீல் சொன்னது பாதி உண்மை என்று. 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆறு மாதக் கெடு விதித்தது நிஜம். தக்க காரணம் காட்டினால் கெடு கடந்த மனுவையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதே பிரிவு அதற்கடுத்தே சொல்லியிருந்தது. அந்த வரி அவர் நினைவில் இல்லை. நமக்கோ அது தெரியவே தெரியாது. ஒரு வரி தெரியாததால் ஒரு பருவத்துக் கூலி கடலோடு போயிற்று!

இது யார் குற்றம்? அந்த வக்கீலைத் தூற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா? கூடாது. அவர் சட்டம் படித்து முப்பது வருஷம் ஆகிறது. இந்த முப்பது வருஷத்தில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஐயா, சட்டம் இப்படி மாறியிருக்கிறது, கோர்ட்டுகள் இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன" என்று யாராவது ஒரு நாள் கற்றுக் கொடுத்தார்களா?

தலைகீழாக மாறிய சட்டங்கள்

அன்றைய நிலைமையே அப்படி. இன்று? 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டு வந்தது. தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்றவை உள்ளிட்ட 29 சட்டங்கள் ஒரே நாளில் கட்டி மூலையில் வைக்கப்பட்டன. இந்தத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு என்று எல்லாத் தொழிலுக்கும் விலங்கு மாட்டியதை எதிர்க்கிறோம். 300 பேருக்குக் குறைவான ஆலைகளில் சர்க்கார் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யலாம் என்று முதலாளிக்குக் கதவு திறந்ததை எதிர்க்கிறோம். அந்தப் போராட்டம் ஓயாது.

ஆனால் ஒரு சட்டத்தை எதிர்ப்பவன் அதை எழுத்தெழுத்தாக அறிந்திருக்க வேண்டும். எதிரியின் கையில் இருப்பது கத்தியா, தடியா என்று பார்க்காமல் களத்தில் இறங்குபவன் வீரனல்ல.

இரண்டே உதாரணங்கள் சொல்கிறோம்.

வேலை நீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி நேராக லேபர் கோர்ட்டுக்குப் போவதற்குப் பழைய தொழில் தகராறு சட்டம் மூன்று வருஷம் அவகாசம் கொடுத்தது. புதிய தொழிலுறவுத் தொகுப்பின் 53-வது பிரிவு அதை இரண்டு வருஷமாக வெட்டிவிட்டது. பழைய கணக்கிலேயே இருக்கும் வக்கீல், "அவசரமில்லை, மூன்று வருஷம் இருக்கிறது" என்பார். தொழிலாளி நம்பி இருந்துவிட்டால் அவன் பிழைப்பு போயிற்று.

அடுத்தது இதற்கு நேர்மாறானது. கூலி குறைத்துக் கொடுத்தால் மனுப் போடுவதற்கு ஆறு மாதமாக இருந்த கெடுவை, கூலித் தொகுப்பின் 45-வது பிரிவு மூன்று வருஷமாக்கியிருக்கிறது. கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பை 59-வது பிரிவு முதலாளி தலையில் வைக்கிறது. இது தெரியாத வக்கீல் என்ன செய்வார்? அந்த உப்பளச் சகோதரியைத் திருப்பி அனுப்பியதைப் போலவே இன்னும் நூறு பேரைத் திருப்பி அனுப்புவார். சட்டம் திறந்து வைத்த சின்ன ஜன்னலையும் நம்முடைய அறியாமை சாத்திவிடும்!

அகதி முகாமில் ஒரு தேதி

உப்பளத்தை விட்டு முகாமுக்கு வருவோம். அங்கே ஒரு தேதிக்கும் மற்றொரு தேதிக்கும் நடுவில் மனித வாழ்க்கையே தொங்குகிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், தாய் தகப்பன் யாராக இருந்தாலும் பொதுவாக இந்தியக் குடிமகனே என்பது குடியுரிமைச் சட்டம். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போய், 2022-ல் தமக்குச் சாதகமான உத்தரவு பெற்றார். 36 வருஷம் அவர் அகதி! சட்டப் புத்தகத்திலோ பிறந்த நாளிலிருந்தே குடிமகள்! அந்த ஒரு பிரிவை அவர் குடும்பத்துக்கு யாராவது முன்பே படித்துக் காட்டியிருந்தால்?

2025 செப்டம்பர் 1-ந் தேதி முதல் வெளிநாட்டவர் சட்டமும் புதிதாகிவிட்டது. 1920, 1939, 1946-ம் வருஷங்களின் பழைய சட்டங்கள் ரத்தாகிவிட்டன. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காக, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தண்டிக்கக் கூடாது என்று விலக்கு உத்தரவும் அந்தச் சமயத்தில் வந்தது. இது குடியுரிமை ஆகாது. அதற்கான கோரிக்கை அப்படியே நிற்கிறது. ஆனாலும் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்படும் முகாம்வாசிக்கு இந்த உத்தரவு ஒரு கேடயம். அதை எடுத்து நீட்ட வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

யார் யாருக்குப் பாடம் நடக்கிறது?

படிப்பே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. நடக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி.

நீதிபதிகளுக்குப் போபாலில் தேசிய அகாடமி. சென்னையில் மாநில அகாடமி. கோவையிலும் மதுரையிலும் அதன் கிளைகள். இது தேவைதான், வரவேற்கிறோம். 2024 ஜூலை 1-ந் தேதி மூன்று புதிய கிரிமினல் சட்டங்கள் வந்தபோது போலீசாருக்கு வகுப்பு எடுத்தார்கள். கம்பெனி வக்கீல்களுக்குப் பெரிய ஓட்டல்களில் கருத்தரங்கு, செலவு கம்பெனியுடையது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கறுப்புக் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு, வாய்தாவுக்கு வாய்தா ஓடி, பஸ் சார்ஜை எண்ணிப் பார்க்கும் வக்கீலுக்கு என்ன ஏற்பாடு? வக்கீல் சங்கத்தில் எப்போதாவது ஒரு பிரமுகரின் பிரசங்கம். மாலை, பொன்னாடை, தேநீர். அவ்வளவுதான்!

தீர்ப்புச் சொல்பவர் படிக்கிறார்; கைது செய்பவர் படிக்கிறார்; முதலாளிக்கு வாதாடுபவர் படிக்கிறார்; ஏழைக்கு வாதாடுபவர் மட்டும் படிக்க வழியில்லை. இந்தத் தராசு யார் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியனா வேண்டும்?

1961-ம் வருஷ வக்கீல்கள் சட்டம் என்ன சொல்கிறது? சட்ட விஷயங்களில் கருத்தரங்குகள் நடத்துவதும், அறிஞர்களைக் கொண்டு பேச வைப்பதும், சட்ட வெளியீடுகள் கொண்டு வருவதும் மாநில பார் கவுன்சில்களின் வேலை என்று எழுதியே வைத்திருக்கிறது. பணம் வசூலிப்பதில் இருந்த சுறுசுறுப்பு இதில் இல்லை. பதிவுக் கட்டணமாகச் சட்டம் அனுமதித்த 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டியதாயிற்று. 2011 முதல் அகில இந்திய வக்கீல் பரீட்சை ஒன்று நடக்கிறது. அது செல்லும் என்று 2023-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சரி. ஆனால் அது வாசற்படியில் ஒரு தடவை வைக்கும் பரீட்சை. உள்ளே நுழைந்தவர் அடுத்த நாற்பது வருஷம் புத்தகத்தைத் திறந்தாரா என்று கேட்பவரும் இல்லை. திறப்பதற்குப் புத்தகம் கொடுப்பவரும் இல்லை.

கோபாலன் வழக்கு சொல்லும் பாடம்

1950-ல் தோழர் ஏ. கே. கோபாலன் சென்னை ராஜ்யத்துச் சிறையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தார். அவருக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியவர் எம். கே. நம்பியார். ஏதோ ஒரு சட்டத்தைப் போட்டுவிட்டு மனிதனின் சுதந்திரத்தைப் பறித்துவிட முடியாது. பறிக்கும் முறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை. 28 வருஷம் கழித்து, 1978-ல், மேனகா காந்தி வழக்கில் அந்தக் கருத்தே நாட்டின் சட்டமாயிற்று.

1978-க்குப் பிறகும் கோபாலன் வழக்கின் பழைய தீர்ப்பையே மனதில் வைத்திருந்த வக்கீல் தன் கட்சிக்காரனை என்ன கதிக்கு ஆளாக்கியிருப்பார்! சட்டம் ஓடுகிற தண்ணீர். நேற்று இறைத்த குடத்தில் இன்று தாகம் தீராது. இன்று கேரளத்தில் பார் கவுன்சில் சார்பில் வக்கீல்களின் தொடர்கல்விக்கென்று ஒரு அகாடமி இருக்கிறது; அதற்கு அந்த நம்பியாரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்து மாநிலத்தில் முடிவது இங்கே ஏன் முடியாது?

சவுக்கும் வேண்டாம், சந்தையும் வேண்டாம்

சிலர் சொல்வார்கள்: "வக்கீல்கள் சோம்பேறிகள். வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பு என்று கட்டாயம் ஆக்கு. வராதவன் லைசென்சைப் பிடுங்கு." இந்த யோசனையை நாம் ஏற்கவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா போன்ற ராஜ்யங்கள் 1975-லேயே கட்டாய மணிக்கணக்கைக் கொண்டு வந்தன. இங்கிலாந்திலோ சொலிசிட்டர்களுக்கு இருந்த மணிக்கணக்கை 2016-ல் கைவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்த நேரம் வேறு, மண்டையில் ஏறியது வேறு என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. நம் நாட்டில் மணிக்கணக்கு வந்தால் மறுநாளே சர்ட்டிபிகேட் விற்கும் கடைகள் முளைக்கும். பணமுள்ளவர் வாங்குவார், இல்லாத இளம் வக்கீல் தொழிலை இழப்பார். பயிற்சி வக்கீல்களுக்கு மாதம் 15,000, பெருநகரங்களில் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அவர்கள் வயிற்றுப்பாடு என்ன லட்சணத்தில் இருந்தது என்று யோசியுங்கள்.

சவுக்கைச் சர்க்கார் கையில் கொடுப்பதும் ஆபத்து. 2025 பிப்ரவரியில் வந்த வக்கீல்கள் சட்டத் திருத்த நகல், கோர்ட் பகிஷ்காரத்தைத் தடை செய்யவும், பார் கவுன்சிலுக்குள் மத்திய சர்க்காரின் ஆட்களை நுழைக்கவும் பார்த்தது. வக்கீல்கள் வீதிக்கு வந்தார்கள். சில நாட்களிலேயே சர்க்கார் நகலை வாபஸ் வாங்கியது. "தரத்தை உயர்த்துகிறோம்" என்ற பேச்சுக்குப் பின்னால் கடிவாளம் ஒளிந்திருக்கும் என்பதை வக்கீல்கள் மறக்கக் கூடாது.

வேறு சிலர், நம் நண்பர்களிலும் சிலர், "அனுபவமே போதும்" என்கிறார்கள். அனுபவம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருஷ அனுபவம், மாறிப்போன ஒரு பிரிவை வக்கீலின் காதில் வந்து சொல்லாது. அந்த உப்பளச் சகோதரியைத் திருப்பி அனுப்பியதும் அனுபவம்தான்!

நாம் கேட்பது

தமிழ்நாடு-புதுச்சேரி பார் கவுன்சிலும் மாநில சர்க்காரும் சேர்ந்து தாலுகா கோர்ட்டுகள் தோறும் மாதம் ஒரு முறை இலவச வகுப்பு நடத்த வேண்டும். தாலுகா சட்டப் பணிகள் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கட்டிடம் தேடி அலைய வேண்டியதில்லை. காலாப்பட்டு, விழுப்புரம் சட்டக் கல்லூரி ஆசிரியர்களை அழைக்கலாம். பாடம் தமிழில் இருக்க வேண்டும். புதிய சட்டங்களும் முக்கியத் தீர்ப்புகளும் எளிய தமிழில் அச்சாகி ஒவ்வொரு வக்கீல் சங்கத்துக்கும் இலவசமாக வர வேண்டும். வகுப்பின் கடைசி வரிசையில் தொழிற்சங்க ஊழியருக்கும், விவசாயத் தொழிலாளர் சங்கத்தாருக்கும், முகாமின் பிரதிநிதிக்கும் இடம் வேண்டும்.

அதுவரை நாம் கைகட்டி நிற்கலாமா? அந்த வக்கீல் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிய குற்றம் நம்முடையதும்தான். சங்கத்தில் இருபது வருஷம் வேலை செய்தவர்கள் நாம்; ஒரு நாளாவது அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோமா? இல்லை. இதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். திருத்திக்கொள்ளாமல் இருக்கத்தான் வெட்கப்பட வேண்டும்.

கூலித் தொகுப்பின் பிரிவுகளைத் தமிழில் எடுத்து எழுதி அந்த வக்கீலிடம் கொண்டு போனோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "அந்த அம்மாவை மறுபடி அழைத்து வாருங்கள். தக்க காரணம் காட்டி மனு எழுதிப் பார்ப்போம்" என்றார். ஜெயிக்குமா என்று இப்போதே சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தடவை அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பவில்லை.

தோழர்களே! உங்கள் ஊர் வக்கீலிடம் போங்கள். மாதம் ஒரு மாலை சங்கக் கட்டிடத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்போம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நாட்டுக்கே உப்பிடும் ஜனங்களுக்காக மாதம் ஒரு மாலை புத்தகத்தைத் திறக்க மாட்டோமா?