சதகுப்பை போட்டால் மருந்தாகிவிடுமா?

சங்கப் பத்திரிகையில் மதுவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று புருவத்தை உயர்த்தும் அன்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். விஷயத்தைக் கிளப்பியது நான் அல்ல. டிசம்பர் மாதக் குடும்ப விழாவில் ‘காக்டெய்ல் கௌண்டர்’ ஒன்று வைக்கலாமே என்று இளைய உறுப்பினர்கள் சிலர் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விஸ்கி, பிராந்தி என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, ஸ்காண்டிநேவிய நாடுகளின் மூலிகைச் சரக்கான ‘அக்வாவிட்’டை வைத்துப் பருவத்துக்கேற்ற பானங்கள் செய்து தருவதாக யோசனை. “இதில் சதகுப்பை இருக்கிறது சார், ஒரு வகையில் மருந்துதான்” என்று அவர்களில் ஒருவர் என்னிடமே சொன்னார்.

என் மகளும் மாப்பிள்ளையும் ஸ்வீடன் நாட்டில் கோத்தன்பர்க் நகரில் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் தங்கியிருக்கிறேன். நான் குடிப்பதில்லை. ஆனால் டிப்ளமா முடித்துவிட்டு ஆயுள் முழுக்க ரயில் பெட்டிகளின் பிரேக்கைச் சோதித்தவன் ஆகையால், எதிரே இருப்பவர் கிண்ணத்தில் எத்தனை மில்லி இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அக்வாவிட் என்றால் லத்தீனில் ‘உயிர் நீர்’. 1531-ல் பெர்கன் கோட்டையை நிர்வகித்த எஸ்கே பில்லே என்ற டேனிஷ் பிரபு, நார்வே ஆர்ச்பிஷப்புக்கு இதை அனுப்பியபோது, உடலின் உள்ளும் புறமும் வரும் நோய்களுக்கெல்லாம் இது உதவும் என்று கடிதம் எழுதினார். ஆக, ‘இது மருந்து’ என்ற வாதத்துக்கு ஐந்நூறு வயது ஆகப்போகிறது! தானியத்திலோ உருளைக்கிழங்கிலோ வடித்த சாராயத்தில் கேரவே விதையோ, சதகுப்பை விதையோ, இரண்டுமோ சேர்ந்து மணம் ஊட்டியிருக்க வேண்டும், ஆல்கஹால் 37.5 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. ஐரோப்பியச் சட்டம் இவ்வளவுதான் சொல்கிறது. கேரவே என்பது பார்வைக்கு நம் சீரகம் போல வளைந்திருக்கும் விதை. இதிலும் சதகுப்பையிலும் கார்வோன் என்ற ஒரே வாசனைப் பொருள் இருப்பதால்தான் இரண்டும் சம்பந்திகள் போல ஒத்துப்போகின்றன. குழந்தைகளுக்குக் கொடுத்த கிரைப் வாட்டரிலும் சதகுப்பை எண்ணெய் உண்டு. அதற்காக அக்வாவிட்டைக் கிரைப் வாட்டரின் பெரியண்ணன் என்று சொல்லிவிட முடியாது.

கணக்கைப் பாருங்கள். 40 சதவிகித அக்வாவிட் 40 மில்லி எடுத்தால் அதில் சுத்த ஆல்கஹால் 16 மில்லி. 5 சதவிகித பியர் 330 மில்லி பாட்டிலிலும் ஏறக்குறைய அவ்வளவே. டேன்மார்க்கில் 1964 முதல் விற்கும் ‘காமெல் டான்ஸ்க்’ என்ற கசப்புச் சரக்கில் 29 வகை மூலிகைகளும் வாசனைப் பொருள்களும் சேர்க்கிறார்கள். பிறந்த நாளன்று காலைப் பலகாரத்தோடு ஒரு சிறு கிண்ணம் குடிப்பது அங்கே வழக்கம். மூலிகை 29 ஆனாலும் ஆல்கஹால் 38 சதவிகிதம். ஈரலுக்கு இந்த 38 மட்டும்தான் தெரியும். உடல்நலத்துக்குக் கேடில்லாத அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

சரக்கின் மேல் எனக்கு மரியாதை இல்லை என்று எண்ண வேண்டாம். தயாரிப்பு முறையில் ஓர் என்ஜினீயர் ரசிக்க நிறைய இருக்கிறது. நார்வேக்காரர்கள் 1805-ல் ட்ரோண்ட்ஹைம் பகுதிச் சரக்கைக் கப்பலில் ஏற்றிப் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கே விலை போகவில்லை. 1807-ல் பீப்பாய்கள் அப்படியே திரும்பி வந்தன. திறந்து பார்த்தால் போனதைவிட ருசியாக இருந்ததாம்! கப்பலின் ஓயாத ஆட்டம், பூமத்திய ரேகையின் வெப்பம், மறுபடி குளிர். பீப்பாயின் மரம் விரிந்து சுருங்க, சாராயம் மரத்துக்குள் போய்ப் போய் வந்திருக்கிறது. ‘லினியே’ என்ற அக்வாவிட்டை இன்றைக்கும் ஷெர்ரி மது இருந்த ஓக் பீப்பாய்களில் நிரப்பி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டவைத்துக் கொண்டு வந்துதான் பாட்டிலில் அடைக்கிறார்கள். லினியே என்றால் கோடு, அந்த ரேகைதான். எந்தக் கப்பலில் எப்போது போய் வந்தது என்று லேபிளின் பின்புறம் அச்சிட்டிருக்கும். நம் வாகன்களின் பக்கவாட்டில் ரிப்பேர் தேதி எழுதிவைப்பது எனக்கு நினைவு வந்தது.

எந்தப் பருவத்தில் எப்படிக் குடிக்கிறார்கள் என்பதுதான் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது. ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமை ஸ்வீடனில் நடுக்கோடைத் திருநாள். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். மேஜையில் ஊறவைத்த ஹெர்ரிங் மீன், சதகுப்பைத் தழை போட்டு வேகவைத்த புது உருளைக்கிழங்கு, புளித்த கிரீம், கடைசியில் ஸ்ட்ராபெர்ரி. (மீனைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு.) விரல் உயரக் கிண்ணத்தில் குளிர்ந்த அக்வாவிட். யாரும் தானாக எடுத்துக் குடித்துவிட முடியாது. ஒரு குறும்பாட்டை எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து ‘ஸ்கோல்’ சொல்ல வேண்டும். பிறகுதான் வாய்க்குப் போகும். அடுத்த கிண்ணத்துக்கு அடுத்த பாட்டு. இடையில் சாப்பாடு. பாட்டும் சாப்பாடும் பிரேக் போல வேலை செய்கின்றன. ஆகஸ்டில் நன்னீர் இறால் விருந்து. அதற்குச் சதகுப்பையைப் பூவோடு போட்டு வேகவைப்பார்கள். அப்போதும் இதே ஒழுங்குதான்.

மணமற்ற சாராயத்தை வாங்கி, கோடையில் பறித்த செடிகளை வீட்டிலேயே ஊறவைப்பவர்களும் உண்டு. அங்கே வீட்டில் காய்ச்சினால் குற்றம், ஊறவைத்தால் இல்லை. ஹைபெரிக்கம் என்ற செடியின் மஞ்சள் பூவைப் போட்டால் சாராயம் சிவப்பாகிவிடும். மகளின் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மாதுளைச் சாறு மாதிரி இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் இந்தப் பூ, ரத்தம் உறையாமலிருக்க நம்மில் பலர் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். மூலிகை என்பதாலேயே சாது என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அந்த ஒழுங்கு அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஏவா ஏகெப்ளாட் என்ற பெண்மணி, உருளைக்கிழங்கிலிருந்து மாவும் சாராயமும் எடுக்கலாம் என்று 1746-ல் காட்டி, 1748-ல் ஸ்வீடன் அறிவியல் அகாடமியின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். தானியம் மிச்சமாகட்டும் என்பது நல்ல எண்ணம். பின்னாளில் உருளைக்கிழங்குச் சாராயம் வீட்டுக்கு வீடு ஓடியது. 1860-ல் வீட்டில் காய்ச்சுவதைத் தடை செய்தார்கள். 1922-ல் பூரண மதுவிலக்குக்காகப் பொது வாக்கெடுப்பே நடந்தது. எதிர்ப்பு 51, ஆதரவு 49 சதவிகிதம். 1955 வரை சாராயத்துக்கு ரேஷன் புத்தகம். தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேன்மார்க்கில், 1917-ல் வரியைப் போட்டுப் பாட்டில் விலையைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றினார்கள். இன்றும் ஸ்வீடனில் சாராய பாட்டில் வேண்டுமானால் பெரும்பாலும் அரசாங்கக் கடைக்குத்தான் போக வேண்டும். இருபது வயது ஆகியிருக்க வேண்டும். சனிக்கிழமை மாலைக்குள் கடை மூடிவிடும், ஞாயிறு திறப்பதே இல்லை. பட்டுத் தெரிந்துகொண்ட ஜனங்கள். நாம் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் கடை நேரத்தையும் பாட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வரப் பார்க்கிறோம்.

ரயில்வே காலனியில் வாழ்ந்தவர்களுக்குச் சம்பள நாள் ஞாபகம் இருக்கும். எண்பதுகளில் எங்கள் பட்டறையில் ஒரு ஃபிட்டர். கையை வைத்தால் வேலை மைக்ரோமீட்டர் சுத்தம். ஒவ்வொரு முதல் தேதியும் அவர் மனைவி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு, சாயங்காலம் சங்கு ஊதுவதற்கு முன்பே வாசலில் வந்து நிற்பார். கணவர் சாராயக் கடைக்குப் போவதற்குள் சம்பளக் கவரை வாங்கிவிட வேண்டும். நாங்கள் பார்க்காத மாதிரி சைக்கிளை உருட்டிக்கொண்டு போவோம். அந்த ஃபிட்டர் ஐம்பது வயதைப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பெண்கள், இன்று பாட்டிகளாக, நம் சங்க விழாவில் முதல் வரிசையில் உட்காருகிறார்கள். மதுவை மறந்து இரண்டு மணி நேரம் உட்காரக் கிடைக்கும் இடம் அவர்களுக்கு இது ஒன்றுதான். அந்த மண்டபத்தில் கௌண்டர் வைப்பதற்கு என் சம்மதம் கிடையாது. வீட்டில் அவரவர் செய்வது அவரவர் இஷ்டம். அங்கே எட்டிப் பார்க்க எனக்கு வேலை இல்லை.

சரக்கு இல்லாவிட்டால் விழா சப்பென்று போய்விடும் என்று இளைஞர்கள் கவலைப்பட வேண்டாம். ஸ்காண்டிநேவியர்களே பண்டிகைப் பட்டியலில் பாதியை மது இல்லாமலும் செய்கிறார்கள். ஜூனில் பூக்கும் எல்டர் பூவை எலுமிச்சையோடு ஊறவைத்து எடுக்கும் சர்பத் அங்கே கோடையின் மணம். அதில் ஒரு சொட்டு மது இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் டேன்மார்க்கில் அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, ஆறியதும் கிரீமும் பாதாம் துண்டுகளும் கலந்து, சூடான செர்ரிக் குழம்பு ஊற்றித் தருவார்கள். முழு பாதாம் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும். அது யார் தட்டில் வருகிறதோ அவருக்குப் பரிசு. ஸ்வீடன்காரர்களின் ‘புன்ஷ்’ என்ற மதுவின் பெயர் நம் ‘பஞ்ச’த்திலிருந்து, ஐந்து பொருள் சேர்வதால் வந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கோத்தன்பர்க்கில் இருந்த அவர்களது கிழக்கிந்தியக் கம்பெனி பட்டேவியாவிலிருந்து கொண்டுவந்த அராக்தான் அதற்கு மூலம். கம்பெனிக் கட்டடம் இப்போது நகர அருங்காட்சியகம். நாம் கொடுத்த பெயரை மரியாதையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், சரக்கு வேண்டாம்.

டிசம்பருக்கு என் சிபாரிசு ‘க்ளாக்’. குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு கொடுக்கும் சூடான மசாலா பானம். மது இல்லாத க்ளாக் கடைகளிலேயே விற்கிறது. பத்துப் பேருக்கு இரண்டு லிட்டர் கறுப்புத் திராட்சைச் சாறு. அதில் தட்டிய ஏலக்காய் இருபது, பட்டை இரண்டு துண்டு, பத்துக் கிராம்பு, ஒரு விரல் சுக்கு. அவர்கள் கசப்பு ஆரஞ்சுத் தோல் போடுவார்கள். நாக்பூரில் இருந்துகொண்டு நாம் ஆரஞ்சுத் தோலுக்கு எங்கும் போக வேண்டாம், இரண்டு பழத்தின் தோலை வெள்ளை நாரில்லாமல் சீவிப் போட்டால் போதும். முதல் நாள் இரவே சாற்றைச் சூடாக்கி, மசாலாவைப் போட்டு மூடிவைத்துவிட வேண்டும். மறுநாள் வடிகட்டி, கொதிக்க விடாமல் சுடவைத்து, சாற்றின் இனிப்பைப் பார்த்துச் சர்க்கரை சேர்த்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் நான்கு திராட்சையும் சீவிய பாதாமும் போட்டுக் கொடுக்கலாம். நூறு பேருக்கு இருபது லிட்டர். பொங்கலுக்குச் சங்கத்தில் எடுக்கும் பெரிய அண்டாவில் தாராளமாகக் கொள்ளும். ஏலக்காய் என் செலவு.